கீழே நிற்கும் தண்ணீர்

ஒன்ராறியோவின் தென்பகுதியில் வீட்டு நீச்சல் தடாகங்களுக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. மே மாதம் விக்ரோறியா தின விடுமுறையை ஒட்டித் திறப்பார்கள். செப்ரெம்பரில் பள்ளிக்கூடங்கள் தொடங்கியதும் மூடுவார்கள். நடுவில் கிடைக்கிற வெயில் நாலு மாதத்துக்கும் காணாது. மிச்சக் காலமெல்லாம் தடாகம் ஒரு தடித்த உறைக்குக் கீழே, மேல்மட்டம் உறைந்து, யாருடைய நினைப்பிலும் இல்லாமல் கிடக்கும். உறையை உருவி, பச்சை பிடித்த தண்ணீரைத் தெளியவைத்த பிறகுதான் பழுது கண்ணில் படும். ஆழம் குறைந்த பக்கத்தில், படிக்கட்டுக்கு அண்மையில், அடியில் ஒரு மடிப்பு ஓடும். போன வருடம் அது இல்லை. மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். மிதித்தால் குதிக்கால் புதையும். இன்னும் கொஞ்சம் தள்ளி, பிளாஸ்ரிக்குக் கீழே ஏதோ நறநறவென்று உதிர்வது உள்ளங்காலுக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் முதலில் பிள்ளைகள்மேல் பழி போடுவார்: குதித்துக் குதித்து உடைத்துவிட்டார்கள். பிறகு தடாகத்தைக் கட்டியவர்மேல்: அந்தக் காலத்துக் கள்ள வேலை. தண்ணீருக்குள் எண்பது கிலோ ஆள் குதித்தாலும் தரையைத் தொடும்போது அவருடைய எடையில் பெரும்பகுதி தண்ணீரிடம் போய்விடுகிறது என்பதை யோசிப்பவர் குறைவு. பழுது பெரும்பாலும் மேலிருந்து வருவதில்லை. ஆட்கள் குளிக்கிற மாதங்களில் வருவதுமில்லை. ஒருவரும் குளிக்காத மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், கீழிருந்து வருகிறது.

நிலத்துக்குள் கட்டிய ஒரு தடாகத்தில் எப்போதும் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று நாம் காசு கொடுத்து நிரப்பியது. குளோரின் போட்டு, வடித்து, சூடாக்கி, நீல நிறமாக வைத்திருப்பது. மற்றது தளத்துக்குக் கீழே மண்ணில் நிற்பது. அதற்கு நாம் காசு கொடுக்கவில்லை, அதை நாம் பார்ப்பதுமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தத் தளம் கிடக்கிறது. தளம் பழுதாயிற்று என்றால் இரண்டு தண்ணீருக்கும் இடையிலே இருந்த ஏதோ ஓர் உடன்பாடு முறிந்திருக்கிறது என்று பொருள். அதைப் பாராமல் பள்ளத்தை மட்டும் பூசி அடைப்பவர்கள்தான் அதிகம்.

வினைல் லைனர் போட்ட தடாகம் வெளிப்பார்வைக்கு ஒரு பெரிய தொட்டியாகத் தெரியும். உண்மையில் அதில் தொட்டி என்று எதுவும் இல்லை. சுவர் என்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளை முடுக்கிப் பூட்டி, பின்னால் முட்டுக் கொடுத்து, அடியைச் சுற்றி ஒரு கொங்கிறீற் வளையம் ஊற்றி நிறுத்தியது. அதன் உயரம் வழக்கமாக 42 அங்குலம்தான். அதற்குக் கீழே சுவர் கிடையாது. எட்டடி ஆழம் வரை இறங்குகிற சரிவுகள் எல்லாம் தோண்டி வெட்டிய மண்; அந்த மண்ணின்மேல் இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு பூச்சு. அந்தப் பூச்சுத்தான் தளம். அதன்மேல் லைனர்: ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபத்தெட்டுப் பங்கு, அதாவது முக்கால் மில்லிமீற்றரும் இல்லை. பதினாறடி அகலம், முப்பத்திரண்டடி நீளமுள்ள தடாகமொன்றில் ஏறத்தாழ எண்பதாயிரம் லீற்றர் தண்ணீர் நிற்கும். எண்பது தொன். ஆழமான இடத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் இரண்டரைத் தொன் அளவுக்கு அழுத்துகிறது. இத்தனையையும் அந்த மெல்லிய தோல் தாங்குவதில்லை, தாங்கவும் முடியாது. அது தண்ணீரைப் போகவிடாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். பாரத்தைத் தளத்திடம் கொடுத்துவிடுகிறது. தளம் மண்ணிடம் கொடுத்துவிடுகிறது.

தோலுக்கு உருவம் இல்லை. தளத்துக்கு நீர் பிடிக்கத் தெரியாது. இந்தப் பிரிவினையில் ஒரு விநோதம் உண்டு. தளத்தில் இருக்கிற எதையும் லைனர் மறைக்காது. ஒரு பயறளவு கல் கீழே கிடந்தால் போதும், தண்ணீர் மேலிருந்து அழுத்தி அந்தக் கல்லின் முழு வடிவத்தையும் மேலே எடுத்துக் காட்டிவிடும். மேசன் கரண்டி விட்ட கோடும் தெரியும். ஈரச் சாந்தில் யாரோ வைத்த கால் அடுத்த பதினைந்து வருடத்துக்கும் தெரியும். இத்தனைக்கும் அந்த லைனரில் அச்சடித்திருப்பது தளத்தின் படம்தான்: கூழாங்கல், மொசைக், இத்தாலிய ஓடு. உண்மையான தளத்தின்மேல் பொய்யான தளம் ஒன்றை விரித்து, அந்தப் பொய் குலையாமல் இருக்க உண்மையான தளம் எந்த அடையாளமும் இல்லாமல் கிடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பழைய நாளில் அந்தத் தளம் வெறும் மணலாக இருந்தது. மணலைக் கொட்டி, நனைத்து, மட்டம் இழுத்து, லைனரை விரித்துவிடுவார்கள். மணல் மென்மையானது, மலிவானது. ஆனால் நடக்க நடக்கக் குழி விழும், எறும்பு குடையும், சின்னக் கசிவு ஒன்று வந்தாலும் கரைந்து ஓடிவிடும். அதற்கு மாற்றாக வந்ததுதான் வெர்மிக்குலைற் கலந்த சீமெந்து. வெர்மிக்குலைற் அப்பிரகத்தின் உறவுக் கனிமம். ஏடு ஏடாக இருப்பது. அந்த ஏடுகளுக்கு இடையில் சிறைப்பட்டிருக்கிற நீர், கனிமத்தைக் கடுஞ்சூட்டில் போட்டதும் ஆவியாகித் தப்பப் பார்க்கும். அப்போது கல் நெல்லாகப் பொரிந்து, பல மடங்கு உப்பிப் பஞ்சுக் கனத்துக்கு வந்துவிடும். ஒரு பங்கு சீமெந்துக்கு அதில் நாலிலிருந்து ஆறு பங்கு வரை சேர்த்து, மணல் ஒரு பிடியும் சேர்க்காமல் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்த பிறகு நகத்தால் அழுத்தினால் தடம் விழும்.

கொங்கிறீற்றை விட்டுவிட்டு இத்தனை பலவீனமான ஒன்றைத் தளமாகப் போடுவானேன் என்று கேட்கத் தோன்றும். கொங்கிறீற் தடாகங்கள் இல்லாமல் இல்லை. அவை தமக்குத் தாமே தொட்டி. ஆனால் வெறுமையாக்கிய கொங்கிறீற் தடாகத்துக்குக் கீழே நிலத்தடி நீர் உயர்ந்தால் முழுத் தொட்டியும் படகாகி மேலே எழும்பிவிடும். ஆர்க்கிமிடிசின் விதிக்குத் தடாகம், கப்பல் என்ற பேதம் கிடையாது. அதனால்தான் அவற்றின் அடியில் ஓர் அழுத்த வால்வு வைத்து, நிலத்தடி நீர் மிஞ்சினால் உள்ளே வரட்டும் என்று விட்டிருப்பார்கள். வெர்மிக்குலைற் தளத்துக்கு அந்த வால்வு தேவையில்லை. அது முழுக்கவே நுண்துளை. தண்ணீர் கீழிருந்து வந்தால் எதிர்த்து நிற்காமல் வழி விடும். மிஞ்சிப்போனால் ஓரிடத்தில் வெடிக்கும், ஓரிடத்தில் உதிரும். உதிர்ந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதே கலவையால் நிரப்பலாம். கொங்கிறீற் உடைந்தால் உடைந்ததுதான். இது உடைவதற்கென்றே, உடைந்தபின் ஒரு மனிதர் முழந்தாளிட்டுக் கையால் திருத்துவதற்கென்றே செய்தது. மென்மையை இதன் குறை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதுவே இதன் சிறந்த குணமாகப் படுகிறது.

வெர்மிக்குலைற்றின் கதையில் ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற சிற்றூரின் சுரங்கம்தான் பல பத்தாண்டுகள் அந்நாட்டு வெர்மிக்குலைற்றில் பெரும்பங்கைக் கொடுத்தது. 1963இல் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம் அதை வாங்கியது. 1990இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே கனிமத்தோடு அஸ்பெஸ்ரஸ் இழையும் கலந்திருந்தது. சுரங்கத் தொழிலாளரும் அவர்களுடைய உடுப்பைத் துவைத்த வீட்டாருமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 2009இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த ஊருக்குப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. இன்று விற்கிற வெர்மிக்குலைற் வேறு சுரங்கங்களிலிருந்து வருகிறது. ஆனாலும் அந்தக் காலத்துத் தளமொன்றை உடைக்கிறவர் காய்ந்தபடி உடைத்துத் தூசி கிளப்பக் கூடாது. நனைத்து, முகக்கவசம் போட்டு, சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத் தொட வேண்டும்.

இனிக் கீழ்த்தண்ணீருக்கு வருவோம். ரொறன்ரோவும் அதன் கிழக்கே ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் எல்லாம் பனியாறுகள் விட்டுச்சென்ற நிலம். ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இன்றைய ஒன்ராறியோ ஏரியைவிட உயரமாக இறொக்குவா என்ற ஏரி நின்றது. அதன் பழைய கரை நகருக்குள் டாவன்போர்ட் வீதிக்கு மேலே இன்னும் ஒரு மேடாகத் தெரிகிறது. அந்தக் கரைக்குத் தெற்கே பல இடங்களில் மணல். வடக்கே பனியாறு அரைத்துப் பூசிய களி. இன்னும் வடக்கே ஓக் றிட்ஜஸ் என்ற மணல் மேட்டுத்தொடர் மழையையும் பனியையும் குடித்து, றூஜ், டொன், ஹம்பர் ஆறுகளுக்குப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. களி நிலத்தில் ஒரு தடாகத்துக்குக் குழி தோண்டினால் என்ன நடக்கும்? தோண்டிய இடத்துக்கும் சுவருக்கும் இடையில் தளர்ந்த மண்ணைப் போட்டு மூடுவார்கள். சுற்றிலும் நீர் புகாத களி, நடுவில் நீர் எளிதாக இறங்குகிற தளர்மண். கூரையிலிருந்து விழுகிற தண்ணீரும் உருகுகிற பனியும் அங்கேதான் வந்து சேரும். நாம் தோண்டியது ஒரு தடாகம். நம்மை அறியாமல் அதற்கு வெளியே ஒரு கிணறும் தோண்டியாயிற்று.

குளிர்காலத்துக்குத் தடாகத்தை மூடும்போது தண்ணீரை முழுவதும் இறைப்பதில்லை. அந்த எண்பது தொன் பாரம்தான் சுவரை வெளிமண் தள்ளிவிடாமலும் தளத்தை நிலத்தடி நீர் தூக்கிவிடாமலும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் குழாய்களில் நீர் உறைந்து வெடிக்கக் கூடாது என்பதற்காக மட்டத்தைச் சற்று இறக்குவார்கள். அந்தச் சின்ன இறக்கத்தில்தான் ஆபத்து நுழைகிறது. வசந்தத்தில் பனி ஒரேயடியாக உருகி வெளி நீர்மட்டம் ஏறக்குறைய நிலமட்டத்துக்கு வந்து நிற்கும்போது, உள்ளே தண்ணீர் அதைவிடத் தாழ்ந்து நிற்கிறது. சில அங்குல வித்தியாசம் போதும். நீர் தளத்தின் துளைகள் வழியே ஏறி, லைனரைத் தளத்திலிருந்து கழற்றித் தூக்கும். உறைக்குக் கீழே, ஒருவரும் பாராமல், லைனர் மிதக்கும். சில கிழமையில் நிலத்தடி நீர் இறங்கும்போது அதுவும் இறங்கும், ஆனால் பழைய இடத்தில் படியாது. மடிப்பு அப்படி வருவது. இதற்கிடையில் தளத்துக்குக் கீழே ஏறி இறங்கிய நீர் தன்னோடு நுண்மணலைக் கொண்டுபோயிருக்கும். மண் போன இடத்தில் தளத்துக்குப் பிடிமானம் இல்லை. பள்ளம் அப்படி வருவது.

இன்னொரு வழியும் உண்டு: மேல்தண்ணீர் கீழே இறங்குவது. விளக்கின் இறப்பர் வளையத்திலோ படிக்கட்டின் விளிம்பிலோ ஓர் ஊசிக்கண். ஒரு வாளியில் தண்ணீர் எடுத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் மட்டம் குறிப்பார்கள். வாளியில் குறைவதைவிடத் தடாகத்தில் கூடக் குறைந்தால் அது வெயில் குடித்ததாகாது, கசிவுதான். மணல் நிலத்தில் அந்தக் கசிவு தளத்துக்குக் கீழே ஒரு பொந்தையே குடைந்துவிடும். மேலே ஒன்றும் தெரியாது, ஒருநாள் கால் வைக்கும்வரை.

இந்தப் புறநகரங்களுக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தவர் பலருக்கு நீச்சல் தடாகம் தேடி வாங்கிய ஒன்றல்ல; வீட்டோடு வந்தது. 1970களிலும் 80களிலும் கட்டிய வீடுகளின் பின்வளவில் ஏற்கெனவே இருந்தது. மூடிவிடலாமா, வைத்திருக்கலாமா என்று ஒரு கோடை முழுக்க வீட்டில் பட்டிமன்றம் நடக்கும், பிள்ளைகள் வெல்வார்கள். தண்ணீரைக் கண்டால் இவர்களுக்குள் எழும் உணர்ச்சி இந்த நாட்டு அயலாருடையதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. கிணறு ஊறினால் மகிழ்ந்த சனம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய ஆறுகள் இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த வில்லையைத்தான். புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்தார்கள்.

அங்கேயும் இரண்டு தண்ணீர்தான். நடுவில் தோலும் இல்லை, தளமும் இல்லை. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்பது மட்டுமே உப்பைக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கீபன் என்ற டச்சுப் பொறியியலாளரும் 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு அது: கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை அது உப்பைத் தள்ளிவைக்கும். மேலே ஓர் அடியை இறைத்து எடுத்துவிட்டால் உப்பு கீழிருந்து நாற்பதடி ஏறத் தயாராக இருக்கும். இயந்திர இறைப்பு பரவிய பிறகு குடாநாட்டின் பல கிணறுகள் உவரானது இந்தக் கணக்கை மீறியதால்தான். ஒன்ராறியோவின் பின்வளவுத் தடாகத்துக்கும் விதி வேறில்லை. மேலே நிற்பது எப்போதும் கீழே நிற்பதைவிட ஒரு விரற்கடையாவது உயர்ந்து நிற்க வேண்டும். தளம் அந்த உயர்வைக் காப்பதில்லை; அது குலைந்ததற்குச் சாட்சியாக மட்டும் நிற்கிறது.

அப்படிக் குலைந்தபோதுதான் ஏஜாக்ஸில் அக்கா வீட்டுத் தடாகத்தின் அடியை நான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன். திருத்த வந்தவர் அறுபதைத் தாண்டிய வடமராட்சி மேசன்; ஊரில் தண்ணீர்த்தொட்டி கட்டிய கை. வந்ததும் அவர் தடாகத்தைப் பார்க்கவில்லை. வேலியோரம் ஒரு குழி தோண்டச் சொல்லி, இரவு கழிந்து அதில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். அதன் பிறகுதான் இறைப்பதற்குச் சம்மதித்தார். ஏனென்றால் தளத்தைத் திருத்த வேண்டுமானால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற பாரத்தையே எடுத்தாக வேண்டும். வெறுமையான தடாகம்தான் மிகப் பலவீனமான தடாகம். மழைக்காலத்தில் இறைத்துவிட்டு ஒரு கிழமை விட்டால் சுவர் உள்ளே சாய்ந்துவிடும், தளம் எழும்பிவிடும். இந்த வேலையில் பார்ப்பதற்கே ஒரு விலை உண்டு.

பழைய லைனரைக் கத்தியால் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுருட்டினார். இறைத்த பிறகு அதை மறுபடி பாவிக்க முடியாது. பி.வி.சி. இயல்பிலே விறைத்த பொருள். 1926இல் குட்றிச் நிறுவனத்தில் வால்டோ செமன் எண்ணெய்த்தன்மையுள்ள திரவங்களைச் சேர்த்து அதை இளக்கக் கண்டுபிடித்தார். அந்த இளக்கி வெயிலிலும் குளோரினிலும் வருடத்துக்கு வருடம் வெளியேறிக்கொண்டே இருக்கும். தண்ணீரின் பாரம் எடுபட்டதும் லைனர் சுருங்கும். திரும்ப நிரப்பினால் மூலைகளில் கிழியும். பத்துப் பதினைந்து வருடம் அதன் ஆயுள்.

லைனர் போனதும் தெரிந்தது ஒரு சாம்பல்நிறக் குழி. மேலிருந்து பார்த்தால் பழுதொன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு இறங்கி, மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"என்ன அண்ணை, நல்லாத்தானே கிடக்கு?" என்றேன்.

"கண்ணை நம்பாதையுங்கோ தம்பி. உங்கட ஆக்கள் இதைக் கண்ணாலே மிதிக்கப் போறேல்லை."

மேசன் கரண்டியின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். பிடிமானம் உள்ள இடத்தில் சத்தம் அடங்கி வந்தது. மண் போன இடத்தில் வெறுமையாக ஒலித்தது. ஒலித்த இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். கண்ணுக்குத் தெரிந்த பள்ளங்களைவிட அந்த வட்டங்கள் கூட. வட்டத்துக்குள் தளர்ந்ததை முழுக்கப் பெயர்த்து எடுத்து, விளிம்பை மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் வெட்டினார், புதியது கழன்று வராமல் கௌவிக்கொள்ள. அடியில் சேறாக இருந்ததை வாரி, சல்லி போட்டு இடித்து, பழைய தளத்தின் ஓரத்தை நனைத்தார். காய்ந்த தளம் புதிய கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் இரண்டும் சேராது. ஓரிடத்தில் நீர் விடாமல் துளிர்த்துக்கொண்டிருந்தது. அங்கே விரைவில் இறுகும் சீமெந்தை உருண்டையாக்கி, அது கையில் சுடத் தொடங்கும்வரை வைத்திருந்து, துளையில் அமுக்கி, இறுகும்வரை உள்ளங்கையை எடுக்கவில்லை. பிறகு வெர்மிக்குலைற் கலவையைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டு, கரண்டியால் மட்டம் இழுத்து, விளிம்பைப் பழையதோடு கரைத்துவிட்டார்.

மறுநாள் பின்னேரம் இருட்டும் நேரத்துக்கு வந்து, ஒரு மின்சூளைத் தளத்திலேயே படுக்கவைத்து எரித்தார். வெளிச்சம் கிடையாகப் போகும்போது ஒரு மயிரளவு மேடும் நீள நிழல் விட்டது. நிழல் தெரிந்த இடத்தையெல்லாம் உரைத்தார், கூட்டினார், தூசி உறிஞ்சியால் இழுத்தார், உள்ளங்கையால் தடவினார். நான் ஒரு சின்னச் சல்லித் துணுக்கைப் பொறுக்கிக் கொடுத்தபோது அவர் அதை உடனே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே எறிந்தால் உள்ளேயே விழும் என்றார்.

இந்த வேலையை யாரும் பாராட்டப் போவதில்லை. நன்றாகச் செய்தால் எதுவும் தெரியாது. தெரிவதெல்லாம் தவறவிட்டது மட்டுமே. நீச்சல் தடாகத்தைப் பற்றி எழுதியவர்களும் வரைந்தவர்களும் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிட்டார்கள். டேவிட் ஹொக்னி 1967இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் தண்ணீர் தெறிக்கிறது, குதித்தவர் இல்லை, அடியும் இல்லை. ஆனால் அதே ஹொக்னி 1980களின் பிற்பகுதியில் ஹொலிவூட்டின் றூஸ்வெல்ற் விடுதித் தடாகத்தை இறைக்கச் செய்து, உள்ளே இறங்கி, அடியிலேயே நீல வளைவுகளைத் தூரிகையால் போட்டார். ஜோன் சீவரின் 1964ஆம் ஆண்டுக் கதையான 'நீச்சல்காரன்' அயலாரின் தடாகங்களை ஒவ்வொன்றாக நீந்திக் கடந்து வீட்டுக்குப் போகப் புறப்பட்டவனைப் பற்றியது. வழியில் ஒரு தடாகம் வறண்டு கிடக்கிறது. அவனுடைய வாழ்க்கையில் எதுவோ சரியில்லை என்று வாசகர் சந்தேகப்படத் தொடங்குவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். சீவர் அந்தத் தடாகத்துக்குள் இறங்கிப் பார்க்கவில்லை. கதைக்கு அது தேவையுமில்லை. தண்ணீர் இல்லை என்பதே போதும். எழுத்துக்குப் போதுமானது மேசனுக்குப் போதாது.

புதிய லைனரை வெயில் ஏறிய பிறகுதான் விரிப்பார்கள். சூட்டில் அது இளகும். மேல் விளிம்பைச் சட்டத்தில் கொளுவி, பின்பக்கத்துக் காற்றைத் தூசி உறிஞ்சியால் உறிஞ்சியதும், லைனர் சடுதியில் தளத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். சரிவுகள், மூலைகள் எல்லாம் ஒரு கணத்தில் உருப்பெறும். உறிஞ்சியை நிறுத்தாமலேயே தண்ணீரைத் திறந்துவிட்டு, கணுக்கால் அளவு வரும்வரை மடிப்புகளைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அதற்குமேல் தண்ணீரின் பாரம் ஏறிவிடும். எதையும் நகர்த்த முடியாது. வடிகாலுக்கும் குழாய்களுக்கும் துளை வெட்டுவது இறப்பர் வளையமும் முகத்தகடும் முடுக்கிய பிறகுதான். அவசரப்பட்டு முன்னதாக வெட்டினால் எண்பது தொன்னும் அந்த ஓட்டையைத் தேடிப் போகும்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, விலைப்பட்டியல் வந்த நாளில், பழுதின் தலைவிதி தீர்மானமாகிவிடும். அக்கா வீட்டுக்கு வந்த பட்டியலில் மூன்று வரி இருந்தது. தளத்தைத் திருத்துவது ஒன்று. புதிய லைனர் ஒன்று. மூன்றாவது: ஆழமான பக்கத்துக்கு வெளியே தடாகத்தின் அடிக்கும் கீழே போகும்வரை தோண்டி, சல்லி நிரப்பி, துளையிட்ட குழாயொன்றை நட்டு, வசந்தத்தில் அதற்குள் ஒரு பம்ப் வைத்து நீரை இறைப்பது, அதோடு கூரைத் தண்ணீரைத் தடாகத்திலிருந்து அப்பால் திருப்பிவிடுவது. அத்தான் பேனையை எடுத்து மூன்றாவது வரியை வெட்டினார். மிச்சப்பட்ட காசில் லைனரில் நல்ல கூழாங்கல் அச்சாகப் பார்க்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. குழாயைப் பத்துப் பேருக்குக் காட்ட முடியுமா? கிணறு தோண்டித் தண்ணீர் கண்ட வம்சத்தில் வந்தவரிடம், தண்ணீரை வெளியே இறைத்து வீணாக்கக் காசு கேட்டால் அவர் என்னதான் செய்வார்?

மேசன் பட்டியலைத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி எங்கயிருந்து வருகுது எண்டு பாக்காமல் பூசினால், மாரி கழிய என்னைத்தான் திரும்பக் கூப்பிடுவியள். எனக்குச் சந்தோசம். உங்கட காசு."

அன்று மாலை அக்கா தலையிட்டு அந்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். கூழாங்கல் அச்சுப் போய்ச் சாதாரண நீலம் வந்தது. அது அவர்கள் வீட்டுக் கதை. பொதுவில் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. முதல் இரண்டு வரியும் பழுதின் தோற்றத்தைத்தான் திருத்துகின்றன. பள்ளம் என்பது கீழ்த்தண்ணீர் எழுதிய கடிதம் மாதிரி. அழிரப்பரால் அழித்தாலும் அனுப்பியவர் இருக்கிறார். தளத்தைத் திருத்த வருகிறவரிடம் எத்தனை பள்ளம், எத்தனை மூட்டை, எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டியது, இந்த வளவில் ஏப்ரல் மாதம் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை. அதற்கு வேலியோரம் ஒரு குழியும் ஓர் இரவும் போதும். அதைக் கேட்காமல் கொடுக்கிற காசு பழுதுபார்ப்பதற்கான கூலி ஆகாது. அடுத்த பழுதுக்குக் கட்டுகிற முதல் தவணை.